தியானின், டைரோசின், ஒரு கிளாஸ் தேநீர்: கவனத்துக்கு அமினோ அமிலங்களை அளந்து எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குமுளியில் மருந்துக்கடை வைத்திருந்தால் இரண்டு மாநிலத்து ஆட்களும் வருவார்கள். மேலே வண்டிப்பெரியாறு, பீர்மேடு எஸ்டேட் லயங்களிலிருந்து கேரள பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். கீழே லோயர் கேம்ப், கூடலூர், கம்பத்திலிருந்து டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள். சபரிமலை சீசனில் இரவெல்லாம் வண்டி ஓட்டும் டிரைவர்கள். முன்பெல்லாம் சத்து மாத்திரை கேட்பார்கள். இப்போது செல்போனில் ஒரு பட்டியலைக் காட்டி, "அண்ணே, தியானின், டைரோசின், டாரின், கார்னிடின்… எல்லாத்தையும் சேத்துப் போடலாமா?" என்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்த்து எடுக்கத் தகுந்த ஜோடி ஒன்றுதான்: தேயிலையில் இருக்கும் அமினோ அமிலமான தியானினும், தேநீரிலும் காபியிலும் உள்ள காஃபினும். புரத உணவில் இருக்கும் இன்னொரு அமினோ அமிலமான டைரோசின் சில கடினமான நாட்களுக்கு மட்டும். மற்றவற்றில் பெரும்பாலானவை, நல்ல உடல்நிலையில் இருக்கும் இளைஞருக்குக் காசுக்குப் பிடித்த கேடு. இந்த மூன்றையும் எந்த வரிசையில், எந்த அளவில், எதைத் தவிர்த்து எடுப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பதினெட்டு வயது ஆகாதவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதில் எதையும் தாமாகத் தொடங்க வேண்டாம்.

முதல் படி: பொடிக்கு முன் ரத்தம்

கவனம் நிற்கவில்லை என்று வருகிறவர்களில் பலருக்குக் குறைவது அமினோ அமிலம் அல்ல. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, போதாத தூக்கம் என்று காரணம் வேறாக இருக்கும். ஹீமோகுளோபின், பி12, டிஎஸ்ஹெச் (தைராய்டுப் பரிசோதனை) மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு மாதத்துத் தியானின் டப்பாவின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவு இல்லை.

தேயிலை நாட்டில் இன்னொரு விஷயம் உண்டு. சாப்பாட்டோடு சாயா குடிக்கும் வழக்கம் இங்கே அதிகம். தேயிலையில் உள்ள டானின் வகைப் பொருட்கள் கீரை, பயறு, தானியத்தில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறவர்கள் கட்டாயம் விட வேண்டும். இதை மட்டும் மாற்றினாலே சில மாதங்களில் தலை தெளிந்துவிடுகிற பெண்கள் உண்டு. அவர்களுக்குப் பொடி எதுவும் தேவைப்படாது.

இரண்டாம் படி: வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் அவசரமாகப் படிக்கக் கூடாத பகுதி இதுதான். அமினோ அமிலம் உணவில் இருப்பதுதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்தோடுதான்.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எஸ்சிடலோபிராம், ஃப்ளூக்செடின், செர்ட்ராலின் போன்றவை எடுக்கிறீர்கள் என்றால் உடம்பில் செரோடோனின் என்னும் மூளை வேதிப்பொருளாக மாறும் டிரிப்டோஃபான், 5-ஹெச்டிபி பக்கமே போகாதீர்கள். மாத்திரையும் இவையும் சேர்ந்தால் மூளையில் செரோடோனின் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோகலாம். வலிக்குத் தரும் டிராமடாலோடும் இதே ஆபத்து.

பார்க்கின்சன் நோய்க்குத் தரும் செலிஜிலின், ரசாஜிலின், சில கிருமித் தொற்றுகளுக்குத் தரும் லினசோலிட் ஆகியவை எம்ஏஓ என்னும் நொதியைத் தடுப்பவை. இவற்றை எடுக்கும்போது டைரோசின் கூடாது. ரத்த அழுத்தம் எகிறக்கூடும். லெவோடோபா எடுப்பவருக்கும் வேண்டாம். குடலிலும் மூளை வாசலிலும் மருந்தோடு டைரோசின் போட்டி போடும். தைராய்டு ஹார்மோனே டைரோசினிலிருந்துதான் உருவாகிறது. ஆகவே தைராய்டு மருந்து எடுப்பவர்கள், குறிப்பாகத் தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் சாதாரணமாக எழுதித்தரும் சிப்ரோஃப்ளாக்சசின், காஃபின் உடம்பை விட்டு வெளியேறுவதைத் தாமதமாக்கும். அந்த மாத்திரை ஓடும் நாட்களில் வழக்கமான இரண்டு காபியே படபடப்பைத் தரலாம். கோர்ஸ் முடியும்வரை காஃபினைக் குறையுங்கள்.

தியானின் ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கக்கூடியது. பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் இதையும் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். கவனக்குறைவு நோய்க்கு டாக்டர் எழுதித்தந்த மருந்தை நிறுத்திவிட்டு இந்தப் பொடிகளுக்கு மாறுவது கூடவே கூடாது.

மூன்றாம் படி: டப்பாவைப் படிப்பது

இந்தியாவில் இவை மருந்துச் சட்டத்தின் கீழ் வருவதில்லை, உணவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதனால் டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வாசகமும் இருக்கும். உரிம எண் இருப்பதால் சரக்கு தரமானது என்று ஆகிவிடாது. இல்லாவிட்டால் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பிறகு அளவைப் பாருங்கள். முன்பக்கம் "400 மில்லிகிராம்" என்று பெரிதாக இருக்கும். பின்பக்கம் பார்த்தால் ஒரு வேளைக்கு இரண்டு காப்ஸ்யூல் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அப்படியானால் ஒரு காப்ஸ்யூலில் 200தான். "ப்ராப்ரைட்டரி பிளெண்ட்" என்று எட்டுப் பொருளின் பெயரைப் போட்டு மொத்த எடையை மட்டும் சொல்லும் டப்பாக்களை நான் கடையிலேயே வைப்பதில்லை. உள்ளே எது எவ்வளவு என்று தெரியாமல் அளவைப் பற்றிப் பேசவே முடியாது.

தூய்மை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் போதும். 1989-ல் அமெரிக்காவில் டிரிப்டோஃபான் மாத்திரை எடுத்தவர்களில் 1,500-க்கும் மேற்பட்டோருக்குத் தசைவலியும் ரத்த அணுக் கோளாறும் வந்தன, பலர் இறந்தார்கள். விசாரித்ததில் பெரும்பாலான சரக்கு ஒரே ஜப்பானியத் தயாரிப்பாளரிடமிருந்து வந்திருந்தது, அதில் மாசு கலந்திருந்தது. பேட்ச் எண் இல்லாத பொட்டலப் பொடியை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான்காம் படி: அளப்பது

காப்ஸ்யூல் வாங்கினால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பொடி வாங்குகிறவர்களுக்குச் சமையலறைத் தராசு உதவாது. அது ஒரு கிராமுக்குக் கீழே பேசாது. ஸ்பூன் கணக்கு அதைவிட மோசம். ஒரே ஸ்பூனில் லேசான பொடி ஒரு எடை, அமுக்கிய பொடி வேறு எடை. மில்லிகிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று வேண்டும்.

தியானினுக்குத் தண்ணீர் வழி ஒன்றும் உண்டு. அது தண்ணீரில் நன்றாகக் கரையும். கொதித்து ஆறிய 100 மில்லி தண்ணீரில் ஒரு கிராம் கரைத்தால் மில்லிக்கு 10 மில்லிகிராம். குழந்தை மருந்து சிரிஞ்சால் 10 மில்லி எடுத்தால் 100 மில்லிகிராம் கணக்காகிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாள் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

டைரோசினுக்கு இந்த வழி ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம்கூட முழுசாகக் கரையாது. கிளாஸின் அடியில் மணல் மாதிரி தங்கும். மேலே உள்ள தண்ணீரைக் குடித்துவிட்டு "ஒண்ணும் வேலை செய்யல" என்றால் வண்டல் கிளாஸிலேயே கிடக்கிறது என்று அர்த்தம். டைரோசினைக் காப்ஸ்யூலாகவே வாங்குங்கள். நன்றாகக் கரையும் என்று விற்கும் என்-அசிடைல் டைரோசின் வேண்டாம். உடம்பு அதை டைரோசினாக மாற்றுவது குறைவு, நல்ல பங்கு சிறுநீரில் போய்விடும்.

தூய காஃபின் பொடியை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. ஒரு டீஸ்பூன் பொடி ஏறத்தாழ 28 கப் காபிக்குச் சமம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. அதில் கை நடுங்கினால் உயிர் போகும்.

இடுக்கி மழைக்காலத்தில் எந்தப் பொடியும் ஈரம் இழுத்துக் கட்டியாகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சின்ன டப்பாவாக வாங்கி, இறுக்கமான மூடி உள்ள கண்ணாடி பாட்டிலில், சிலிக்கா பொட்டலத்தை எறியாமல் உள்ளேயே போட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: ஒன்றும் எடுக்காத நாட்கள்

பலரும் தாண்டிப்போவது இதைத்தான். பொடி தொடங்கும் முன் நான்கைந்து நாள் எதுவும் இல்லாமல் உங்களை அளந்து வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், 40 நிமிடம், பழைய வினாத்தாளிலிருந்து கேள்விகள் போடுங்கள். எத்தனை போட்டீர்கள், எத்தனை தவறு, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், எத்தனை கிளாஸ் சாயா என்று நோட்டில் நான்கே எண்கள். "இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்பது கணக்கு ஆகாது. புதுப் பொடி வாங்கின உற்சாகத்திலேயே இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும்.

ஆறாம் படி: தியானினும் தேநீரும்

தியானின் நம் தோட்டத்துக் கொழுந்தில் இருப்பதுதான். 1949-ல் ஜப்பானில் பச்சைத் தேயிலையில் கண்டறிந்தார்கள். தேயிலைச் செடி இதை வேரில் தயாரித்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. வெயில் பட்டால் அதன் ஒரு பகுதி துவர்ப்புப் பொருட்களாக மாறிவிடும். அதனால்தான் ஜப்பானில் உயர்ந்த தேயிலைக்குப் பறிக்கும் முன் வாரக்கணக்கில் நிழல் கட்டுகிறார்கள். நாம் குடிக்கும் டஸ்ட் தேநீர் ஒரு கிளாஸில் தியானின் பெரும்பாலும் 5 முதல் 25 மில்லிகிராம்தான், காஃபின் 30 முதல் 50. ஆய்வுகளில் பயன்படுத்திய தியானின் அளவு 100 முதல் 250 மில்லிகிராம். ஆக, சாயாவை மட்டும் குடித்து அந்த அளவுக்குப் போக முடியாது. அதற்குள் காஃபின் தலைக்கேறிவிடும்.

காஃபின் தூக்கத்தை விரட்டும், கூடவே படபடப்பையும் கொண்டுவரும். தியானின் அந்தப் படபடப்பின் முனையை மழுக்குகிறது. 40 மில்லிகிராம் காஃபினோடு 97 மில்லிகிராம் தியானின் கொடுத்த ஒரு ஆய்விலும், 150-க்கு 250 கொடுத்த இன்னொன்றிலும், பதில் சொல்லும் துல்லியமோ வேகமோ ஓரளவு கூடியது தெரிந்தது. ஓரளவுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் தியானின் அறிவாற்றலைக் கூட்டும் என்ற கூற்றை ஏற்கவில்லை. காஃபின் விழிப்பையும் கவனத்தையும் கூட்டும் என்பதை, 75 மில்லிகிராம் அளவுக்கு, ஏற்றுக்கொண்டது. இதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

செய்முறை இது. முதல் மூன்று நாள் காலையில் தியானின் மட்டும் 100 மில்லிகிராம், அந்த நேரத்துத் தேநீர் இல்லாமல். தலைவலி, மயக்கம், தூக்கக் கலக்கம் ஏதும் வருகிறதா என்று பார்க்கத்தான் இது. ஒன்றும் இல்லை என்றால் நான்காம் நாளிலிருந்து அதே 100 மில்லிகிராமை ஒரு கிளாஸ் கட்டன் சாயாவோடு (பால் சேர்க்காத தேநீர்) எடுங்கள். உட்கார்ந்து படிக்கும் நேரத்துக்கு அரை மணி முதல் முக்கால் மணி முன்பாக. ஒரு வாரம் இதே அளவு. போதவில்லை என்று நோட்டு சொன்னால் தியானின் 200, காஃபின் 100 வரை போகலாம். காஃபினைப் போல் இரண்டு மடங்கு தியானின் என்பது நினைவில் வைக்க எளிதான விகிதம். ஒரு நாளுக்கு 400 மில்லிகிராம் தியானினுக்கு மேல் போக ஒரு காரணமும் இல்லை.

காஃபினுக்கு வரம்பு: ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரே நேரத்தில் 200, நாள் முழுக்க 400 மில்லிகிராம். எல்லாக் கிளாஸையும் எண்ண வேண்டும், காபியும் எனர்ஜி டிரிங்க்கும் உட்பட. உடம்பில் போன காஃபினில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்குப் படுப்பவர் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு தொடாமல் இருப்பது நல்லது. இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு காலையில் பொடி போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஏழாம் படி: டைரோசின், கடினமான நாளில் மட்டும்

மூளையில் நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமினும் நோரட்ரினலினும் டைரோசினிலிருந்துதான் உருவாகின்றன. ஆனால் அந்தத் தயாரிப்பின் வேகத்தை ஒரு நொதி கட்டுப்படுத்துகிறது. சாதாரண நாளில் கூடுதலாக டைரோசின் போட்டாலும் அது அசைந்துகொடுக்காது. குளிர், தூக்கமின்மை, கடும் நெருக்கடி என்று நரம்புகள் இடைவிடாமல் வேலை செய்யும்போதுதான் கச்சாப்பொருளுக்குத் தட்டுப்பாடு வரும், அப்போது டைரோசின் கை கொடுக்கும். அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 1980-களின் கடைசியில் குளிரிலும் உயரத்திலும் வைத்துச் சோதித்தது இதைத்தான். வீட்டுத் திண்ணையில் நிதானமாகப் படிக்கும் நாளில் இதற்கு வேலை இல்லை.

இந்த வகை ஆய்வுகளில் பெரும்பாலும் கிலோ எடைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 60 கிலோ ஆளுக்கு 6 முதல் 9 கிராம். அதுவும் கண்காணிப்பில். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்யாதீர்கள். 500 மில்லிகிராமில் தொடங்குங்கள். பழகிய பிறகு ஒரு கிராம், அதிகபட்சம் இரண்டு. நூறு கிராம் நிலக்கடலையிலேயே ஏறத்தாழ ஒரு கிராம் டைரோசின் உண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நிலக்கடலை தின்றால் அதே விளைவு வராதது ஏன்? மூளைக்குள் நுழையும் வாசலில் டைரோசினோடு லூசின், ஐசோலூசின், வாலின், டிரிப்டோஃபான், ஃபினைல்அலனின் எல்லாம் ஒரே கடத்தி வழியாகத்தான் போக வேண்டும். புரதம் சாப்பிட்டால் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். நாற்பது லாரியும் ஒரே நேரத்தில் குமுளி செக்போஸ்ட்டுக்கு வந்தால் உங்கள் வண்டி எப்போது தாண்டும்? அதுதான் நடக்கிறது. ஜிம்முக்குப் போகும் ஒரு பையன், "அண்ணே, பிசிஏஏ குடிக்கும்போதே டைரோசினையும் போட்டுக்கலாமா?" என்று கேட்டான். "வேணாம் தம்பி, அதுல இருக்கிற லூசின், ஐசோலூசின், வாலின் மூணும் இதுக்குப் போட்டிதான். ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடு" என்றேன். முட்டை, பால், வே புரோட்டீன், கடலைக்கறி எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

ஆகவே தேர்வு நாள் காலை எப்படி இருக்கும்? முந்தின இரவு பஸ்ஸிலோ உறவினர் வீட்டிலோ சரியாகத் தூங்காமல் கோட்டயம் அல்லது மதுரையில் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். தேர்வு பத்தரைக்கு. எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு 500 மில்லிகிராம் டைரோசின். எட்டே முக்காலுக்கு இட்லியோ புட்டும் பழமுமோ, கடலைக்கறி இல்லாமல். ஒன்பதே முக்காலுக்குத் தியானின் 100 மில்லிகிராமும் ஒரு கிளாஸ் கட்டனும். இந்தச் சேர்க்கையைத் தேர்வு நாளில் முதல் தடவையாகச் செய்யாதீர்கள். மாதிரித் தேர்வு எழுதும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முன்பே ஒத்திகை பாருங்கள். வயிறு கலங்கினாலோ தலைவலித்தாலோ வீட்டில் கலங்கட்டும்.

பிரஷர் உள்ளவர்கள் ஒத்திகை நாளில் எடுக்கும் முன்பும் ஒரு மணி நேரம் கழித்தும் பிரஷர் பார்க்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு டைரோசின் ஒத்துவராமல் போகலாம். நெஞ்சு படபடப்பு, கடும் தலைவலி, தோலில் தடிப்பு வந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

டிரைவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தியானினோ டைரோசினோ எனர்ஜி டிரிங்க்கோ கண் சொருகுவதை நிறுத்தாது. ஒரு காபி குடித்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி இருபது நிமிடம் தூங்குவதுதான் வழி.

மற்ற டப்பாக்கள்

கிரியேட்டின் இவற்றில் மரியாதைக்குரியது. ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் மூன்றிலிருந்து உடம்பே தயாரிப்பது; இறைச்சியிலும் மீனிலும் உண்டு. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 45 சைவ உணவுக்காரர்களுக்கு ஆறு வாரம் தினம் 5 கிராம் கொடுத்தபோது நினைவாற்றல் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. சைவம் சாப்பிடுகிறவர் தினம் 3 முதல் 5 கிராம் மோனோஹைட்ரேட் எடுத்துப் பார்க்கலாம், நேரம் காலம் பார்க்க வேண்டியதில்லை. எடை ஒரு கிலோ ஏறினால் அது தண்ணீர். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரக நிலையைப் பார்க்க அளக்கும் கிரியேட்டினின் கூடுதலாகக் காட்டும் என்பதால் லேபில் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாகத் தொட வேண்டாம்.

அசிடைல் கார்னிடின் வயதானவர்களிடம் ஆராயப்பட்ட அளவுக்கு இளைஞரிடம் பலன் காட்டவில்லை. வலிப்பு வந்தவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் கூடாது. உடம்பில் மீன் வாடை வருகிறது என்று சிலர் திருப்பிக் கொண்டுவருவதும் உண்டு.

டாரின் எனர்ஜி டிரிங்க்கில் இருக்கிறது. விழிப்பு வருவது அதிலுள்ள காஃபினால். தனியாக வாங்கத் தேவையில்லை. கிளைசின் கவனத்துக்கு அல்ல, தூக்கத்துக்கு: படுக்கும் முன் 3 கிராம், இனிப்பாக இருக்கும். தூக்கம் சரியானால் கவனம் தானே வரும் என்பதால் பகலில் போடும் பல பொடிகளைவிட இது எனக்குப் பிடிக்கும். க்ளோசபின் என்னும் மனநோய் மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள்தான். முதலாவது ஒத்துப்போனது என்று இரண்டு வாரத்து எண்கள் சொன்ன பிறகே அடுத்தது.

நான்கு வாரம் ஆனதும் ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தேநீரை மட்டும் வழக்கம்போல் குடித்து அதே 40 நிமிடக் கணக்கைத் தொடருங்கள். அந்த வாரத்து எண்ணும் பொடி எடுத்த வாரத்து எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அடுத்த டப்பா வாங்க வர வேண்டாம்.